ஒரே அம்பில் 5 விலங்குகள்... கொல்லிமலை வல்வில் ஓரியைக் கொன்றவரும் ஒரு வள்ளல்தான்!

காரவள்ளியில் தொடங்கி 70 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டினால் கொல்லிமலை. மேலே செம்மேட்டில் வல்வில் ஓரியின் சிலை இருக்கிறது. ஆடி 17, 18 தேதிகளில் நாமக்கல் மாவட்ட நிர்வாகம் இங்கே அரசு விழா எடுக்கிறது. வில்வித்தைப் போட்டியும் நடக்கும். சிலை முன்னாடி ஒரு செல்ஃபி எடுத்துட்டு ஆகாயகங்கை அருவிக்குக் கிளம்பிடுற பலருக்கும் தெரியாத ஒரு விஷயம் உண்டு. கடையெழு வள்ளல்களில் ஒருவரான ஓரியைப் போரில் கொன்றவர், அதே ஏழு பேரில் இன்னொருவர்!

யார் இந்த ஓரி?

சுமார் 2,000 ஆண்டுகளுக்கு முன், சங்க காலத்தில் கொல்லிமலையை ஆண்ட குறுநில மன்னர். ஆதன் ஓரி என்றும் ஒரு பாடல் அழைக்கிறது. வலிமையான வில் வைத்திருந்ததால் வல்வில் ஓரி. அவரைப் பற்றி நமக்குத் தெரிந்ததெல்லாம் புலவர்கள் சொன்னதுதான். அந்தப் புலவர்களில் சிலர் அவர் கையால் பரிசு வாங்கியவர்கள் என்பதையும் ஞாபகம் வைத்துக்கொள்வது நல்லது.

புகழ்பெற்ற அந்த ஒற்றை அம்பு புறநானூற்றின் 152-வது பாடலில் வருகிறது. பாடியவர் வன்பரணர். காட்டில் ஒரு வேட்டைக்காரர் அம்பு விடுகிறார். அது யானையைச் சாய்த்து, புலியின் வாயைத் துளைத்து, மானை உருட்டி, காட்டுப்பன்றியை வீழ்த்தி, கடைசியில் புற்றுக்குள் கிடந்த உடும்பின் மேல் போய்த் தைக்கிறது. இது நடக்குமா என்றால், நடக்காது. புலவர் கொஞ்சம் தாராளமாகவே அளந்திருக்கிறார்.

ஆனா அதே பாட்டில் அடுத்து வருவதுதான் உண்மையிலேயே அழகு. இவர் ஒருவேளை ஓரியாக இருப்பாரோ என்ற சந்தேகத்துடன் பாணர் கூட்டம் பாடத் தொடங்குகிறது. மன்னனைக் குறிக்கும் சொல் காதில் விழுந்ததும் அந்த வேட்டைக்காரர் கூச்சப்படுகிறார். வந்தவர்கள் என்ன வேண்டும் என்று வாய் திறப்பதற்குள் மான்கறியும் மதுவும் தருகிறார். கூடவே தன் மலையில் கிடைத்த பொன்னையும் மணியையும் அள்ளிக் கொடுக்கிறார், அதுவும் நடுக்காட்டிலேயே.

எல்லாப் புலவருக்கும் இப்படிக் கிடைத்ததா? 204-வது பாடலில் கழைதின் யானையார் பேசும் தொனி வேறு மாதிரி. கேட்பது இழிவு, இல்லை என்பது அதைவிட இழிவு என்று ஆரம்பிக்கிறார். பரிசு கிடைக்காதவர்கள் வள்ளலைக் குறை சொல்ல மாட்டார்கள், தாங்கள் கிளம்பிய நேரத்தையும் சகுனத்தையும்தான் நொந்துகொள்வார்கள், நானும் உன்னைக் கோபிக்கவில்லை என்கிறார். படித்தால் கோபம் இருந்த மாதிரிதான் தெரிகிறது!

காரியுடன் மோதல்

மலையமான் திருமுடிக்காரி திருக்கோவலூரையும் முள்ளூர் மலையையும் ஆண்டவர். படைத்துணை கேட்டு மூவேந்தர்களிடமிருந்தும் அவருக்கு ஆள் வரும் என்கிறார் கபிலர். பெரிய அரசர்களின் சண்டையில் அவர் எந்தப் பக்கம் நிற்கிறார் என்பது அவ்வளவு முக்கியம். காரி ஏறிய குதிரையின் பெயரும் காரி, ஓரியின் குதிரை பெயரும் ஓரி. இந்த இருவரும் மோதியதைச் சிறுபாணாற்றுப்படை சொல்கிறது. அதே நூல்தான் இருவரையும் ஏழு வள்ளல்கள் பட்டியலில் சேர்த்தும் வைத்திருக்கிறது.

ஓரியைக் கொன்ற காரி, பலா விளையும் வளமான கொல்லியைத் தனக்கு வைத்துக்கொள்ளவில்லை. சேரர்களிடம் கொடுத்துவிட்டார். இதைச் சொல்வது அகநானூறு 209. அது போர்ப்பாட்டு இல்லை, காதல் பாட்டு! தலைவன் பிரிந்து போன துயரத்தில் இருக்கும் தலைவியின் அழகைக் கொல்லிப்பாவையோடு ஒப்பிடும்போது, அந்த மலை கைமாறிய கதை போகிற போக்கில் வந்து விழுகிறது.

நற்றிணை 320 இன்னும் ஒரு படி மேல். ஓரியைக் கொன்றுவிட்டு அவரது ஊர்த் தெருவில் காரி நுழைந்தபோது எழுந்த கூச்சல் எதற்கு உவமையாகிறது தெரியுமா? ஒரு பரத்தை தெருவில் நடந்து போனபோது ஊர் பேசிய பேச்சுக்கு! எழுதியவர் கபிலர், காரியை மனம் நிறையப் பாடியவர். புறநானூற்றில் ஓரியைப் பற்றி இருக்கும் 3 பாடல்களில் ஒன்றுகூட இரங்கற்பா கிடையாது. பாரிக்கும் அதியமானுக்கும் புலவர்கள் கலங்கி அழுத பாடல்கள் அதே நூலில் இருக்கின்றன.

காரிக்கும் நிம்மதி இல்லை. அவரது திருக்கோவலூரை இன்னொரு வள்ளலான அதியமான் தாக்கி வென்றார். அந்த அதியமானின் தகடூரை, அதாவது இன்றைய தர்மபுரியை, சேர மன்னர் பெருஞ்சேரல் இரும்பொறை அழித்தார். கோவலூரை இழந்த காரி சேரரின் உதவியை நாடினார், அதற்கு ஈடாகத்தான் ஓரியைக் கொன்று கொல்லியைக் கொடுத்தார் என்று வரலாற்றாசிரியர்கள் சிலர் இந்தச் சம்பவங்களைக் கோக்கிறார்கள். பாடல்களில் அப்படி நேரடியாக எங்கேயும் இல்லை.