திருப்புளி பிடித்த கை - ஜி.டி.நாயுடு



கட்டுரைக்குள் போகுமுன் ஒரு சின்னக் கேள்வி. உங்க வீட்டுக் காரிலோ, மாமா வீட்டுக் காரிலோ பிரேக் லைட் இரண்டும் எரிகிறதா? தெரியாது இல்லீங்களா? தெரியாததில் அதிசயமில்லை. ஹெட்லைட் ஃபியூஸ் போனால் ஓட்டுகிறவருக்கு உடனே தெரியும். பிரேக் லைட்டோ ஓட்டுகிறவர் கண்ணுக்கே படாத விளக்கு. பின்னால் வருகிறவரின் உயிருக்காக வைத்த விளக்கு. அது செத்துப் போய் மூணு மாசமானாலும் நாம் பாட்டுக்கு ஓட்டிக்கொண்டிருப்போம். யாராவது சொன்னால், மெக்கானிக்கிட்ட விட்டுக்கலாம் என்போம். டிப்ளமோ படிக்கிற நாமும் அப்படிச் சொல்லலாமா?

இந்தக் கேள்வியை நினைக்கும்போதெல்லாம் நம்ம ஊர் மனிதர் ஒருவர் ஞாபகத்துக்கு வருகிறார். மூடிக் கிடக்கும் எதையும் திறந்து பார்க்காமல் விடாதவர். அவர்தான் ஜி.டி.நாயுடு என்று நாடறிந்த கோபால்சாமி துரைசாமி நாயுடு.

1893-ம் வருஷம் மார்ச் 23-ம் தேதி, கோவைக்குப் பக்கத்தில் உள்ள கலங்கல் கிராமத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். பள்ளிக்கூடம் அவருக்கு ஒத்து வரவில்லை. ஆரம்பப் படிப்போடு ஏடு கட்டிவிட்டு, காட்டு வேலைக்குப் போய்விட்டார். அப்படி இருந்தவரின் வாழ்க்கையை ஒரு மோட்டார் சைக்கிள் புரட்டிப் போட்டது! கிராமத்துப் பக்கம் வந்த வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் ரட்ஜ் மோட்டார் சைக்கிளில் வந்தார். மாடும் இல்லை, குதிரையும் இல்லை, வண்டி தானே ஓடுகிறது! பார்த்த பையனுக்குத் தூக்கம் போனது.

கோவைக்கு வந்தார். ஓட்டலில் சர்வர் வேலை பார்த்தார். சிறுகச் சிறுகப் பணம் சேர்த்து, அதே மோட்டார் சைக்கிளை அந்த அதிகாரியிடமே விலைக்கு வாங்கினார். நாமாக இருந்தால் என்ன செய்வோம்? ஊரைச் சுற்றி வருவோம். அவர் அதை அக்கு அக்காகக் கழற்றினார், மறுபடியும் பூட்டினார். எந்த பாகம் எதைத் தள்ளுகிறது, எது எதனால் சுற்றுகிறது என்று கையாலேயே படித்தார். அதுதாங்க அவருடைய காலேஜ். மெக்கானிக் வேலையும் அப்படியே கைக்கு வந்தது.

1920-ல் சர் ராபர்ட் ஸ்டேன்ஸ் போன்றோரின் உதவியோடு ஒரு பஸ் வாங்கினார். பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தானே ஓட்டினார். முருகனைப் பார்க்கப் போகிற பக்தர்களும், சந்தைக்குப் போகிற விவசாயிகளும் ஏறினார்கள். இன்றைக்குப் போல ஊருக்கு நாலு ஒர்க்ஷாப் இருந்த காலமா அது? வழியில் வண்டி நின்றால் ஓட்டுகிறவர்தான் மெக்கானிக். அந்த ஒற்றை பஸ்தான் யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ், அதாவது யு.எம்.எஸ். என்ற பெரிய பஸ் கம்பெனியாக வளர்ந்தது.

இனி நம்ம பிரேக் லைட்டுக்கு வருவோம். மோட்டார் சைக்கிளைக் கழற்றிய அந்தப் புத்தி இங்கே எப்படி வேலை செய்யும் என்று பாருங்க. முதலில் எங்கே கோளாறு என்று யோசிக்கணும், அப்புறம்தான் பல்பு வாங்கப் போகணும். ஒரு பக்கம் மட்டும் எரியவில்லை என்றால் பெரும்பாலும் பல்பு போயிருக்கும். எல்லா பிரேக் லைட்டும் ஒரே சமயத்தில் போனால் பல்பின் மேல் பழி போடாதீங்க. ஃபியூஸைப் பாருங்க. பெடலுக்கு மேலே இருக்கிற பிரேக் சுவிட்சைப் பாருங்க.

பல்புதான் என்று தெரிந்தால் சாவியை அணைத்துவிட்டு, பல்பு ஆறும்வரை பொறுங்க. சில வண்டியில் வெளிக் கண்ணாடியில் இருக்கும் ஸ்க்ரூவைத் திருப்புளியால் கழற்றணும். சில வண்டியில் டிக்கிக்கு உள்ளேயிருந்தே ஹோல்டர் வரும். பல்பை லேசாக அமுக்கி இடது பக்கம் திருப்பினால் கையோடு வந்துவிடும். பல வண்டிகளில் ஒரே பல்புக்குள் இரண்டு இழை இருக்கும். 5 வாட் இழை இரவு விளக்குக்கு, 21 வாட் இழை பிரேக்குக்கு. அதனால்தான் இரவு விளக்கு எரிந்தும் பிரேக் லைட் எரியாமல் இருக்கும்! அந்த பல்பின் இரண்டு காதும் ஒரே உயரத்தில் இருக்காது. மாற்றிப் போட்டால் உட்காராது, முரட்டுத்தனமாக அமுக்கவும் கூடாது. இழை அறுந்திருக்காவிட்டால் ஹோல்டரில் துரு, பச்சைப் பாசம் இருக்கிறதா என்று பாருங்க. உப்புத்தாளால் தேய்த்தால் பல சமயம் வேலை முடிந்தது. எர்த் ஒயர் லூசாக இருந்தாலும் இதே கதைதான். புது பல்பு பழையதின் வோல்ட், வாட் அளவிலேயே இருக்கணும். எல்.இ.டி. விளக்கு வைத்த புது மாடல்களில் பல்பு தனியாக வராது, முழு யூனிட்டையே மாற்ற வேண்டியிருக்கும்.

கால் மணி நேர வேலை. ஆனால் காரணத்தைத் தேடுகிற அந்தப் பழக்கம் இருக்கிறதே, அதுதான் நாயுடுவை நாயுடு ஆக்கியது. இன்ஜினின் அதிர்வைச் சோதித்துக் கோளாறைக் கண்டுபிடிக்கும் கருவி ஒன்றை அவர் செய்தார். கண்ணுக்குத் தெரியாத குறையைக் கண்டுபிடிக்க ஒரு கருவி! பேட்டரியில் ஓடும் ரசாந்த் சவர ரேசர், மண்ணெண்ணெயில் ஓடும் மின்விசிறி, பழச்சாறு பிழியும் கருவி என்று அவர் செய்தவை ஏராளம். 1937-ல் டி.பாலசுந்தரத்தோடு சேர்ந்து இந்தியாவிலேயே முதலில் உருவாக்கிய மின் மோட்டாரும் நம்ம கோவையில் பிறந்ததுதான். இன்று கொங்கு நாட்டுக் கிணற்று மேட்டில் எல்லாம் மோட்டார் ஓடுகிறதென்றால் அதன் விதை இங்கே விழுந்தது.

நாம் மறக்கக் கூடாத இன்னொரு விஷயம். 1945-ல் கோவையில் ஆர்தர் ஹோப் பாலிடெக்னிக்கும் பொறியியல் கல்லூரியும் தோன்றக் காரணமாக இருந்தவர் இவர்தான். அந்தக் கல்லூரிதான் இன்றைய அரசு தொழில்நுட்பக் கல்லூரி. மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவர் பாலிடெக்னிக்குக்கு முதல்வர்! நாலு வருஷம் படிப்பது வீண், இன்னும் குறுகிய காலத்தில் தொழில் கற்றுக் கொடுக்கலாம் என்றார். அரசாங்கம் ஒப்பவில்லை. பதவியை விட்டுவிட்டார்.

எல்லாமே ஜெயித்துவிடவில்லை. 1952-ல் இரண்டு பேர் போகிற சிறிய பெட்ரோல் காரை 2,000 ரூபாய்க்குக் கொடுக்க முடியும் என்று செய்து காட்டினார். தயாரிக்க அரசு அனுமதி கிடைக்கவில்லை. அந்தக் கார் மட்டும் சாலைக்கு வந்திருந்தால் கோவையின் கதையே வேறாக இருந்திருக்குமோ என்னவோ! ஆனாலும் அவர் கை ஓயவில்லை. பருத்தி, பப்பாளி என்று விவசாய ஆராய்ச்சியிலும் இறங்கினார். 1974-ம் வருஷம் ஜனவரி 4-ம் தேதி காலமானார்.

அவர் பேரைச் சொல்ல அவிநாசி ரோட்டில் அருங்காட்சியகம் இருக்கிறது. 2015-ல் திறந்த கார் மியூசியமும் இருக்கிறது. 2025 அக்டோபரில் உப்பிலிபாளையத்திலிருந்து கோல்டுவின்ஸ் வரை சுமார் 10 கிலோமீட்டர் நீள மேம்பாலத்துக்கும் அவர் பெயரே வைத்தார்கள்.

அந்தப் பாலத்தில் ராத்திரி நேரம் போய்ப் பாருங்க. முன்னால் போகும் வண்டிகளில் எத்தனைக்கு ஒற்றைக் கண்தான் எரிகிறது, எத்தனைக்கு அதுவும் இல்லை என்று எண்ணலாம். ஜி.டி.நாயுடு பெயர் வைத்த பாலத்தில், கழற்றிப் பார்க்கச் சோம்பேறித்தனப்பட்ட வண்டிகள்! பின்னால் வருவது ஷிப்ட் முடித்து வீடு திரும்பும் நம்ம அண்ணனாக இருந்தால்?

நண்பர்களே, டிப்ளமோதானே என்று யாராவது நம்மைக் குறைத்துப் பேசினால் கலங்க வேண்டாம். பட்டம் இல்லாத ஒரு கை திருப்புளி பிடித்து இந்த ஊரையே தொழில் நகரமாக்கப் பாடுபட்டது. நமக்குக் கையும் இருக்கிறது, படிப்பும் இருக்கிறது. இன்று ராத்திரியே வண்டியை ரிவர்ஸில் சுவரோரம் நிறுத்துங்க. பிரேக்கை அமுக்கி, கண்ணாடியில் பாருங்க. சுவரில் இரண்டு பக்கமும் சிவப்பு விழுகிறதா? ஒரு பக்கம் இருட்டாக இருந்தால் காலையில் யாரையும் தேட வேண்டாம். திருப்புளியை எடுங்க!