இரண்டு நகரமண்டபங்களும் எரிக் ஆர்தரும்

ரொறொன்ரோவில் குயீன் வீதியும் பே வீதியும் சந்திக்கும் மூலையில் நின்றால் இந்நகரின் இரண்டு நகரமண்டபங்களையும் ஒருசேரப் பார்க்கலாம். கிழக்குப் பக்கம் மணிக்கூட்டுக் கோபுரத்துடன் கனத்த கற்களாலான பழைய மண்டபம், 1899இல் திறக்கப்பட்டது. மேற்குப் பக்கம் இரண்டு வளைந்த கோபுரங்கள் நடுவிலுள்ள வட்டமான சபை மண்டபத்தை அணைத்தபடி நிற்கும் புதியது, 1965இல் திறக்கப்பட்டது. கனடாவுக்கு வந்த புதிதில் அருகிலிருந்த ஓர் அலுவலகக் கட்டடத்தில் இரவுத் துப்புரவு வேலை பார்த்தேன். வேலை முடிந்து விடியற்காலையில் ஸ்ரீட்காருக்காக நான் காத்து நின்ற மூலை இதுதான். குளிரில் நடுங்கியபடி இரண்டையும் மாறி மாறிப் பார்த்திருக்கிறேன். இரண்டின் கதையிலும் ஒரே மனிதர் வருகிறார் என்பது பல வருடங்களின் பின்னர், பொது நூலகத்தில் எடுத்த ஒரு புத்தகத்தின் மூலம்தான் தெரியவந்தது.

அந்த மனிதர் எரிக் ஆர்தர். இரண்டில் எதையும் அவர் வடிவமைக்கவில்லை. ஒன்று உருவாக வழி செய்தார். மற்றது இடிபடாமலிருக்கக் குரல் கொடுத்தார்.

ஆர்தரும் நம்மைப்போல் வந்தேறியவர்தான். 1898இல் நியூசிலாந்தின் டனீடின் நகரில் பிறந்தவர். ஸ்கொட்லாந்துக்காரர்கள் குடியேறி உருவாக்கிய ஊர் அது. எடின்பரோவின் கேலிக் மொழிப் பெயரைத்தான் தங்கள் புதிய ஊருக்கும் வைத்துக்கொண்டார்கள். (புலம்பெயர்ந்த இடத்தில் ஊர்ப்பெயரை வைப்பது நம்மவர்களுக்கு மட்டும் உரிய பழக்கமல்ல.) முதலாம் உலகப்போரில் நியூசிலாந்துப் படையில் இருந்துவிட்டு இங்கிலாந்தின் லிவர்பூல் பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலை பயின்றார். 1923இல் ரொறொன்ரோ பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராக வந்து சேர்ந்தார். நாற்பது வருடங்களுக்கு மேல் அங்கேயே கற்பித்தார்.

அன்றைய ரொறொன்ரோவில் நூறு வருடப் பழைமையை யாரும் பழைமையாகக் கருதவில்லை. கலை என்றால் ஐரோப்பாவில் இருப்பது என்ற நினைப்பு. ஆர்தர் தம் மாணவர்களை அழைத்துக்கொண்டு ஒன்ராறியோவின் கிராமங்களுக்குப் போனார். ஆரம்பகாலக் குடியேற்றவாசிகள் கட்டிய சிறிய வீடுகளின் கதவு, யன்னல், கூரை என்று ஒவ்வொன்றாக அளந்து வரைபடங்கள் எடுக்கச் செய்தார். கட்டடம் போனாலும் வரைபடம் மிஞ்சும் அல்லவா? யாழ்ப்பாணத்து நாற்சார் வீடுகள் ஒவ்வொன்றாக மறைந்துகொண்டிருக்கையில் இந்த வேலையை நினைத்துப் பெருமூச்சு விட்டிருக்கிறேன்.

வரைவதோடு அவர் நின்றுவிடவில்லை. 1933இல் ஒன்ராறியோ கட்டடக்கலைப் பாதுகாப்புச் சங்கத்தை நிறுவியவர்களில் முக்கியமானவர் அவர். கிராஃப்டன் என்னும் ஊரிலுள்ள, 1819ஆம் ஆண்டளவில் கட்டப்பட்ட பார்னம் வீட்டைக் காப்பாற்றியது அச்சங்கத்தின் ஆரம்பகால வெற்றி. ரொறொன்ரோவிலிருந்து கிழக்கே பழைய இரண்டாம் இலக்க நெடுஞ்சாலையில் போகிறவர்கள் அந்த வெள்ளை மரவீட்டை இன்றும் பார்க்கலாம்.

இப்படிப்பட்டவர் புதுமைக்கு எதிரியாக இருப்பார் என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். ஆனால் நவீனக் கட்டடக்கலையைத் தம் மாணவர்களுக்கு உற்சாகத்துடன் அறிமுகப்படுத்தியவரும் அவரே. 1955இல் ரொறொன்ரோவின் மூன்று பெரிய நிறுவனங்கள் சேர்ந்து புதிய நகரமண்டபத்துக்கு ஒரு திட்டம் தந்தன. எந்த நகரிலும் நிற்கக்கூடிய ஒரு சாதாரண அலுவலகப் பெட்டி அது. கட்டடக்கலை மாணவர்கள் எதிர்த்தார்கள். அந்த வருட வாக்கெடுப்பில் மக்களும் நிராகரித்தார்கள். பின்னர் மேயர் நேதன் பிலிப்ஸ் காலத்தில் சர்வதேசப் போட்டி ஒன்று நடத்துவதென முடிவாயிற்று. அதன் தொழில்சார் ஆலோசகராக ஆர்தர் நியமிக்கப்பட்டார். விதிமுறைகளை வகுப்பதும் நடுவர்களை ஒன்றுசேர்ப்பதும் அவர் பொறுப்பு. 42 நாடுகளிலிருந்து 500க்கும் மேற்பட்ட வடிவங்கள் வந்தன. 1958இல் பின்லாந்தின் வில்யோ ரெவெல் வென்றார். நடுவர்களில் ஒருவரான ஈரோ சாரினென் தாமதமாக வந்து, ஒதுக்கி வைக்கப்பட்ட குவியலிலிருந்து ரெவெலின் வடிவத்தை மீட்டெடுத்தார் என்று ஒரு கதை உண்டு. அதற்கு முந்திய வருடம் சிட்னி ஒப்பெரா மண்டபப் போட்டியைப் பற்றியும் இதே சாரினெனை வைத்து இதே கதை சொல்லப்படுகிறது. எனவே கொஞ்சம் உப்புச் சேர்த்துத்தான் கேட்கவேண்டும். ரெவெல் தம் கட்டடம் திறக்கப்படுவதைப் பார்க்கவில்லை. 1964இல் இறந்துவிட்டார்.

இங்கே ஒரு நெருடல். புதிய மண்டபம் எழுந்த நிலம் வெற்று நிலமல்ல. எலிசபெத் வீதியை ஒட்டியிருந்த ரொறொன்ரோவின் முதலாவது சைனா டவுனின் பெரும்பகுதி அங்கேதான் இருந்தது. சுவீகரிக்கப்பட்டு இடித்துத் தள்ளப்பட்டது. அந்த இடத்தை ஆர்தர் தெரிவு செய்யவில்லை. நகரம் அவருக்கு முன்னரே முடிவு செய்திருந்தது. ஆனாலும் பழைய வீடுகளின் மேல் அவ்வளவு காதல் கொண்ட ஒருவர், ஏழைக் குடியேறிகளின் கடைகளையும் வீடுகளையும் நகரின் வரலாறாகக் கண்டாரா என்று கேட்கத் தோன்றுகிறது. அக்காலத்துப் பாதுகாவலர்களின் கண்ணில் மரபு என்பது பெரும்பாலும் பிரித்தானியர் கட்டியதுதான். இந்தக் குறையை மறைத்து அவரைப் புகழ எனக்கு மனமில்லை.

1964இல் வெளிவந்தது அவரது பெரிய நூல். அதுதான் நான் நூலகத்தில் எடுத்தது. பெயர் 'ரொறொன்ரோ: நோ மீன் சிற்றி'. அற்ப நகரமல்ல என்று பொருள். புனித பவுல் தம் சொந்த ஊரான தர்சுவைப் பற்றிச் சொன்னதாக வேதாகமத்தில் வரும் சொற்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டு ரொறொன்ரோவைக் கட்டடங்கள் வழியாகச் சொல்லும் நூல். பக்கம் பக்கமாக அழகிய படங்கள். அவற்றில் எத்தனையோ கட்டடங்கள் இப்போது இல்லை. ஓர் இழவுப் பட்டியலைப் படிப்பது போலத்தான் இருந்தது.

அந்த நூல் வெளிவந்து அதிக நாளாகவில்லை, ஈட்டன்ஸ் நிறுவனம் பழைய நகரமண்டபத்தை இடித்துவிட்டு மாபெரும் வணிக வளாகம் அமைக்கத் திட்டமிட்டது. மணிக்கூட்டுக் கோபுரத்தையும் போர் நினைவுச்சின்னத்தையும் மட்டும் விட்டுவைப்பார்களாம். யாழ் நூலகத்தை, 1981இல் எரிக்கப்பட்ட அதே நிலையில் நினைவுச்சின்னமாக வைப்பதா, பழையபடி கட்டுவதா என்று நம்மவர்கள் வாதிட்டது நினைவுக்கு வருகிறது. அதிலாவது இரு பக்கமும் நினைவைப் பற்றிக் கவலைப்பட்டது. இங்கே உடலை எடுத்துவிட்டுத் தலையை மட்டும் அலங்காரமாக வைக்கும் யோசனை. எதிர்த்துக் குரல் கொடுத்தவர்களில் ஆர்தரும் ஒருவர். புதியதை வரவழைத்தவரே பழையதும் வேண்டும் என்றது கனமான வார்த்தை. 1967இல் திட்டம் கைவிடப்பட்டது. பின்னர் 1977இல் திறக்கப்பட்ட ஈட்டன் சென்ரர் பழைய மண்டபத்துக்கு அப்பால் விலகியே நிற்கிறது.

அதே 1967இல், கனடாவின் நூற்றாண்டையொட்டி, 1850இல் கட்டப்பட்ட சென். லோரன்ஸ் மண்டபத்தைப் புதுப்பிக்கும் பணியிலும் முன்னின்றார். அடிமைமுறைக்கு எதிராக 1851இல் பிரெடரிக் டக்ளஸ் பேசிய மண்டபம் அது. வேலை நடக்கையிலேயே கிழக்குப் பகுதி சரிந்து விழுந்தது. அதையும் மறுபடி கட்டி முடித்தார்கள்.

ஓய்வு பெற்ற பின்னும் சும்மா இருக்கவில்லை. 1972இல் டட்லி விட்னியுடன் சேர்ந்து வட அமெரிக்கப் பண்ணைகளின் களஞ்சியங்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார். மாட்டுக் கொட்டிலையும் வைக்கோல் பரணையும் கட்டடக்கலையாகப் பார்த்த கண்கள். அவரது நூல்களில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். 1982இல் காலமானார்.

அவரே வடிவமைத்த கட்டடங்கள் சொற்பம். அவற்றில் பேர்பெற்றது எட்மன்ரனில் 1936இல் கட்டப்பட்ட கனடா பக்கர்ஸ் இறைச்சித் தொழிற்சாலை. நவீன பாணியிலான செங்கல் கட்டடம். 1995இல் அதை இடித்துவிட்டார்கள். புகைபோக்கியை மட்டும் விட்டுவைத்திருக்கிறார்கள். எட்மன்ரனில் இருக்கும் நண்பர் ஒருவர் படம் எடுத்து அனுப்பியிருந்தார். புல்வெளி நடுவே தனியாக நிற்கிறது.