போர் மன்றத்தில் ஒரு தமிழர்

உத்திரமேரூர்க் கோயில் சுவரிலே குடவோலை முறை கல்லெழுத்தாக நிற்கிறது. ஆயிரம் ஆண்டுப் பெருமை! மறுப்பாரில்லை. ஆனால், தோழர்களே, கால் வேலி நிலமும் வேத அறிவும் உள்ளவன் பெயரன்றோ அந்தக் குடத்துக்குள் விழுந்தது? ஏர் பிடித்தவன் பெயர் விழுந்ததா? மன்றத்தில் அமர்பவன் யார், அவனை அனுப்புபவன் யார்? இந்தக் கேள்வியோடுதான் ஆற்காடு இராமசாமி முதலியாரின் வாழ்வை நாம் பார்க்க வேண்டும்.

1887-இல் கர்னூலில் பிறந்தவர். இலட்சுமணசாமி முதலியார் உடன்பிறந்த இரட்டையர். வழக்கறிஞர், வாதத்திலே வல்லவர், நீதிக்கட்சியின் தளபதி. 1919-இல் இலண்டன் சென்று, பார்ப்பனரல்லாதாருக்குச் சட்டமன்றத்தில் தனி இடம் வேண்டுமென்று நாடாளுமன்றக் குழுவின்முன் வாதாடினார். அந்தப் போராட்டத்தின் பயனாகச் சென்னை மாகாணத்தில் 28 இடங்கள் ஒதுக்கப்பட்டன. 'ஜஸ்டிஸ்' ஏடு அவர் கையில் வாளாயிற்று. 1928-இல் சென்னை மேயரானார். 1934 தேர்தலிலோ சத்தியமூர்த்தியிடம் தோற்றார்.

1939 செப்டம்பர் 3. நாட்டுத் தலைவர் ஒருவரையும் கேளாமல், இந்தியாவும் போரில் இறங்கியது என்று வைசிராய் லின்லித்கோ அறிவித்தார். 25 லட்சம் பேர் பட்டாளத்தில் சேர்ந்தனர். அவர்களில் வயிற்றுக்காகச் சேர்ந்தவர் எத்தனையோ பேர்! 1942-இல் சிங்கப்பூர் வீழ்ந்தது, இரங்கூன் வீழ்ந்தது, விசாகப்பட்டினத்தில் குண்டு விழுந்தது. சென்னை மக்கள் மூட்டை கட்டிக்கொண்டு ஊர்ப்புறம் ஓடினர். அந்த ஆண்டில்தான் சர்ச்சிலின் போர் அமைச்சரவையில் இந்தியப் பிரதிநிதியாக அமர்ந்தார் முதலியார். உடன் சென்றவர் நவநகர் மன்னர்.

வெள்ளையனின் வால் என்று ஏசினர் மாற்றார். நாம் என்ன சொல்வோம்? பிறப்பால் உயர்ந்த இனம் என்று பேசி மனிதரை வதைத்தவன் இட்லர். பிறப்பால் உயர்வு தாழ்வு கூடாதென்ற இயக்கத்தவர் அவனை எதிர்த்ததிலே வியப்பென்ன? ஆனால் அந்த நாற்காலி மக்கள் தந்ததன்று, வைசிராய் தந்தது. அந்தக் குறையை நாம் மூடி மறைக்கமாட்டோம். 1943-இல் வங்கத்தில் இலட்சக்கணக்கானோர் பட்டினியால் மாண்டனர். பதவியிலிருந்த இந்தியர்களால் அதைத் தடுக்க முடிந்ததா? பிறர் தயவில் கிடைத்த பதவிக்குப் பெருமை உண்டு, பலம் இல்லை!

போர் முடியும் வேளை வந்தது. 1945 சூன் 26 அன்று, சான்பிரான்சிஸ்கோவில், ஐக்கிய நாடுகள் சாசனத்தில் இந்தியாவின் சார்பில் கையெழுத்திட்டார். பொருளாதார, சமூகப் பிரிவை வகுத்த குழுவுக்கு அவரே தலைவர். உயர்ந்த வாழ்க்கைத் தரம், அனைவருக்கும் வேலை என்பவை அந்தச் சாசனத்தில் ஏறின. 1946-இல் பொருளாதார சமூக மன்றத்தின் முதல் தலைவரும் அவரே. 1976-இல் மறைந்தார்.

அறிவால் உலக மன்றம் ஏறியவர் அவர். அவருக்குக் கிட்டாத பலம் ஒன்று, 1952 முதல் ஏர் பிடித்தவன் கையிலும் தறி நெய்தவன் கையிலும் இருக்கிறது. அதுதான் ஓட்டு! அதைக் காசுக்கு விற்பவன், மன்றத்தில் தன் நாற்காலியைத் தானே அடுத்தவனுக்குத் தூக்கிக் கொடுக்கிறான். இதை வீடுதோறும் சொல்வோம், தோழர்களே!