பிள்ளைகளின் கையில் களிமண் கொடுத்தவர்

1937 வாக்கில் ஒரு நாள். நியூயார்க்கில் கறுப்பின மக்கள் நெருக்கியடித்து வாழ்ந்த ஹார்லெம் பகுதியிலிருந்து ஒரு பெண்மணி, ஓர் இளைஞனை அரசு அலுவலகத்துக்கு அழைத்துப் போனார். ஓவியர்களுக்கு அரசே வாரச் சம்பளம் கொடுத்து வேலை தந்துகொண்டிருந்த காலம் அது. இந்தப் பையனையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்டார். அவனுக்கு 21 வயது ஆகவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

அவன் பெயர் ஜேக்கப் லாரன்ஸ். வீட்டு வேலை செய்து பிழைத்த தாயின் மகன். பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவன். சலவைக்கூடத்திலும் அச்சகத்திலும் கூலி வேலை பார்த்தவன். ஓவியம் தீட்டிச் சம்பளம் வாங்கலாம் என்ற நினைப்பையே அவன் மறந்துவிட்டான். அந்தப் பெண்மணி மறக்கவில்லை. அவனுக்கு 21 வயது ஆனதும் மறுபடி அதே அலுவலகத்துக்குக் கூட்டிப்போனார். இந்த முறை வேலை கிடைத்தது. வாரம் ஏறக்குறைய 24 டாலர் சம்பளம்.

மூன்றே ஆண்டுகளில், 1941இல், தன் மக்கள் தெற்கிலிருந்து வடக்கே பிழைப்புத் தேடி இடம்பெயர்ந்த வரலாற்றை 60 ஓவியங்களாக அந்த இளைஞன் தீட்டி முடித்தான். அமெரிக்காவின் இரண்டு பெரிய அருங்காட்சியகங்கள் அவற்றைப் பங்கிட்டு வாங்கிக்கொண்டன.

கையைப் பிடித்து அழைத்துப்போன அந்தப் பெண்மணி சிற்பி அகஸ்டா சாவேஜ். அவர் செய்த சிலைகளில் பெரும்பாலானவை இன்று இல்லை. அவர் உருவாக்கிய மனிதர்களின் பெயர்கள் வரலாற்றில் இருக்கின்றன.

அடியும் களிமண்ணும்

அகஸ்டா 1892 பிப்ரவரி 29 அன்று புளோரிடா மாநிலத்தின் கிரீன் கோவ் ஸ்பிரிங்ஸ் என்ற சிற்றூரில் பிறந்தார். 14 பிள்ளைகளில் ஏழாவது. வறுமையான வீடு. செங்கல் செய்வதற்கேற்ற செம்மண் நிறைந்த ஊர். பொம்மை வாங்க வழியில்லாத சிறுமி அந்த மண்ணைப் பிசைந்து வாத்துகளும் கோழிகளும் செய்தாள். தந்தை கிறிஸ்தவ போதகர். உருவம் செய்வது பாவம் என்று நம்பியவர். மண்ணைத் தொட்டதற்காக மகளை வாரத்துக்குப் பலமுறை அடித்தார். அடி விழுந்தும் சிறுமியின் கை நிற்கவில்லை.

15 வயதில் கல்யாணம். அடுத்த ஆண்டே ஒரு பெண் குழந்தை. சில ஆண்டுகளில் கணவர் இறந்துபோனார். குடும்பம் வெஸ்ட் பாம் பீச் நகருக்குக் குடிபெயர்ந்தது. அங்கே களிமண் கிடைக்கவில்லை. மண்பாண்டம் செய்பவர் ஒருவரிடம் கேட்டு வாங்கி வந்து மறுபடி தொடங்கினார். 1919இல் மாவட்டக் கண்காட்சியில் அவருடைய பொம்மைகளுக்குப் பரிசு கிடைத்தது. அந்த ஊர்ப் பள்ளியில் நாளுக்கு ஒரு டாலர் கூலிக்குப் பிள்ளைகளுக்கு மண்ணில் உருவம் செய்யவும் கற்றுக்கொடுத்தார்.

1921இல் ஐந்து டாலர்கூடக் கையில் இல்லாமல் நியூயார்க் வந்தார். கூப்பர் யூனியன் கல்லூரியில் அப்போது கட்டணம் இல்லை. ஆனால் இடத்துக்குக் கடும் போட்டி. அவருடைய கைவேலையைப் பார்த்தவர்கள், காத்திருந்த 142 ஆண்களைத் தாண்டி அவரைச் சேர்த்துக்கொண்டார்கள். நான்கு ஆண்டுப் படிப்பை மூன்றே ஆண்டுகளில் முடித்தார்.

மறுக்கப்பட்ட கப்பல்

1923இல் பிரான்ஸ் நாட்டின் போன்டேன்ப்ளோ நகரில் நடந்த கோடைக்காலக் கலைப்பள்ளிக்கு 100 அமெரிக்கப் பெண்களைத் தேர்ந்தெடுத்தார்கள். அகஸ்டாவும் விண்ணப்பித்தார். அவர் கறுப்பினப் பெண் என்று தெரிந்ததும் தேர்வுக்குழு மறுத்துவிட்டது. வெள்ளைக்காரப் பெண்கள் அவரோடு ஒரே கப்பலில் பயணம் செய்யவும் ஓரிடத்தில் தங்கவும் சங்கடப்படுவார்கள் என்பதுதான் காரணம். சேரிக்கும் ஊருக்கும் நடுவே இருக்கும் கோட்டை அறிந்தவர்களுக்கு இந்தக் காரணத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை.

அகஸ்டா வாயை மூடிக்கொண்டு போகவில்லை. பத்திரிகைகளுக்கு எழுதினார். நாடெங்கும் கண்டனம் எழுந்தது. குழு தன் முடிவை மாற்றிக்கொள்ளவில்லை. குழுவில் இருந்த சிற்பி ஒருவர் மட்டும் வெட்கப்பட்டு, தன்னிடம் வந்து கற்றுக்கொள்ளும்படி அழைத்தார். ஆனால் தகராறு செய்பவர் என்ற முத்திரை அகஸ்டா மீது விழுந்தது. அதன் பிறகு பல கதவுகள் மூடிக்கொண்டன.

வயிற்றுப் பிழைப்புக்குச் சலவைக்கூடங்களில் துணி வெளுத்தார். மிச்ச நேரத்தில் சிலை செய்தார். ஹார்லெம் நூலகத்துக்காகக் கறுப்பினத் தலைவர் டூபாய்ஸின் மார்பளவுச் சிலையை வடித்தார். பிற்காலத்தில், 1946இல், கறுப்பின மக்கள் ஐக்கிய நாடுகள் சபைக்குக் கொடுத்த மனுவின் பிரதியைக் கேட்டு அண்ணல் அம்பேத்கர் கடிதம் எழுதியது இந்த டூபாய்ஸுக்குத்தான்.

1925இல் ரோம் நகரில் படிக்க உதவித்தொகை வந்தது. கப்பல் செலவுக்குப் பணமில்லாமல் அதுவும் கைநழுவியது. 1929இல் தொப்பி அணிந்த ஹார்லெம் தெருச் சிறுவன் ஒருவனின் தலையைப் பிளாஸ்டரில் செய்தார். அதைப் பார்த்தவர்கள் அசந்துபோனார்கள். அதன் வழியாகக் கிடைத்த உதவித்தொகையில் பாரிஸ் சென்றார். ஆறு ஆண்டுகளுக்கு முன் மறுக்கப்பட்ட நாட்டில் போய்ப் படித்தார்.

கதவு திறந்திருந்த பட்டறை

1930களின் தொடக்கத்தில் அவர் திரும்பியபோது அமெரிக்கா பொருளாதார வீழ்ச்சியில் கிடந்தது. முதலில் வேலை இழந்தவர்கள் கறுப்பினத்தவர்கள்தான். சிலை வாங்க ஆளில்லை. அகஸ்டா 143ஆவது தெருவில், கட்டடத்தின் தரைக்குக் கீழிருந்த ஓர் இடத்தைப் பட்டறையாக்கினார். அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கு இலவசமாக மண்ணும் தூரிகையும் கொடுத்துக் கற்றுக்கொடுத்தார். நுழைவுத்தேர்வு இல்லை. சான்றிதழ் கேட்கவில்லை. ஆர்வத்தோடு எட்டிப் பார்த்தவர்களை உள்ளே கூப்பிட்டார்.

தையல்கடையில் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த நார்மன் லூயிஸ் அங்கே வந்தார். பின்னாளில் பேர்பெற்ற ஓவியரானார். கென்னத் கிளார்க் என்ற மாணவரும் வந்தார். அவர் கலைஞராகவில்லை, உளவியல் அறிஞரானார். கறுப்பினக் குழந்தைகளின் முன் கறுப்புப் பொம்மையையும் வெள்ளைப் பொம்மையையும் வைத்து எது நல்லது என்று அவரும் அவர் மனைவியும் கேட்டார்கள். பல குழந்தைகள் வெள்ளைப் பொம்மையைக் காட்டின. பாகுபாடு பிஞ்சு மனதை எப்படிக் கெடுக்கிறது என்பதற்கு அது சாட்சியானது. நிறத்தால் பிரிக்கப்பட்ட பள்ளிகள் சட்டவிரோதம் என்று 1954இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பில் அந்த ஆய்வும் இடம்பெற்றது.

அரசின் வேலைத் திட்டத்தை நம்மூர் நூறு நாள் வேலையோடு ஒப்பிடலாம். அதில் கலைஞர்களுக்கும் பங்கு இருந்தது. ஆனால் கறுப்பினக் கலைஞர்களைச் சேர்க்கவும் மேற்பார்வைப் பொறுப்பு தரவும் அதிகாரிகள் தயங்கினார்கள். 1935இல் அகஸ்டாவும் சக கலைஞர்களும் ஹார்லெம் கலைஞர் சங்கம் அமைத்துப் போராடினார்கள். அதன் பலனாக 1937 இறுதியில் லெனாக்ஸ் அவென்யூவில் ஹார்லெம் சமூகக் கலை மையம் திறக்கப்பட்டது. குடியரசுத் தலைவரின் மனைவி எலினார் ரூஸ்வெல்ட் விழாவுக்கு வந்தார். அகஸ்டா அதன் இயக்குநரானார். வரைவது, சிற்பம், நெசவு, மட்பாண்டம், அச்சு, புகைப்படம் எல்லாம் கட்டணமில்லாமல் கற்றுத்தரப்பட்டன. 1,500க்கும் மேற்பட்டோர் அங்கே கற்றார்கள்.

புல்டோசர்

1939 நியூயார்க் உலகக் கண்காட்சிக்குச் சிலை செய்ய அகஸ்டாவை அழைத்தார்கள். கறுப்பின மக்களின் உரிமைப் பாடலான 'லிஃப்ட் எவ்ரி வாய்ஸ் அண்ட் சிங்' என்பதைக் கருவாகக் கொண்டு 16 அடி உயரத்தில் ஒரு யாழைச் செய்தார். பாடும் 12 கறுப்பினப் பிள்ளைகளே அந்த யாழின் நரம்புகள். லட்சக்கணக்கானோர் பார்த்தார்கள். அதை வெண்கலத்தில் வார்க்கவோ எடுத்துச் சென்று பாதுகாக்கவோ அவரிடம் பணமில்லை. கண்காட்சி முடிந்ததும் மற்றவற்றோடு சேர்த்துப் புல்டோசரால் நொறுக்கிவிட்டார்கள்.

இந்தச் சிலைக்காக விடுப்பு எடுத்தவர் திரும்பி வந்தபோது, கலை மையத்தில் அவருடைய பொறுப்பு வேறொருவரிடம் போயிருந்தது. சொந்தமாகத் தொடங்கிய கலைக்கூடமும் விரைவில் மூடப்பட்டது. போரின்போது வேலைத் திட்டமே நின்றுபோனது.

1945 வாக்கில் அவர் சாகர்ட்டீஸ் என்ற கிராமப்புற ஊருக்குப் போய்விட்டார். கோழி வளர்த்தார். ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தார். கோடை விடுமுறையில் அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கும் களிமண்ணைக் கொடுத்துச் சொல்லிக்கொடுத்தார். 1962 மார்ச்சில் புற்றுநோயால் இறந்தார். அப்போது அவரை நினைவில் வைத்திருந்தவர்கள் கொஞ்சம் பேர்தான்.

வெண்கலத்துக்குப் பணமில்லாத சமூகத்தில் கலைஞரின் வேலை பிளாஸ்டரோடு நின்றுவிடும். ஒரு நாளில் உடைத்துவிடலாம். ஆனால் அவர் கைபிடித்து அழைத்துப்போன ஜேக்கப் லாரன்ஸ் பின்னாளில் பல்கலைக்கழகப் பேராசிரியராகி, தானும் பல தலைமுறை மாணவர்களுக்குக் கற்றுக்கொடுத்தார். தன் நினைவுச்சின்னம் தன் மாணவர்களின் கையில்தான் இருக்கும் என்று அகஸ்டா நம்பியது வீண்போகவில்லை.

நம் தெருக்களிலும் சுவரில் கரியால் வரையும் பிள்ளைகள் இருக்கிறார்கள். பறையில் விரல் ஓடும் பிள்ளைகள் இருக்கிறார்கள். மாலைநேரப் பயிற்சிக்கூடத்தில் அவர்களோடு உட்காரும் அண்ணன்களும் அக்காக்களும் இருக்கிறார்கள். அலுவலகம் ஒருமுறை திருப்பி அனுப்பினால், அடுத்த ஆண்டு அதே பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு மறுபடி போக வேண்டும்.