ஜே.சி. குமரப்பா: தவிட்டையும் கணக்கில் சேர்த்தவர்

ஜார்ஜ்டவுன் – பினாங்கு லிட்டில் இந்தியாவின் மளிகைக் கடைகளில் புழுங்கல் அரிசி, நல்லெண்ணெய், கருப்பட்டி, கேழ்வரகு மாவு எல்லாம் இன்றும் கிடைக்கின்றன. பலருக்கு அவை பாட்டி காலத்துப் பொருள்கள். ஆனால், ஒரு சமுதாயத்தின் உடல்நலமும் பிழைப்பும் இவற்றில்தான் அடங்கியுள்ளன என்று சொல்லி, அதற்காகவே தம் வாழ்நாளைக் கொடுத்த தமிழர் ஒருவர் இருந்தார். அவர்தான் காந்தியப் பொருளாதார அறிஞர் ஜே.சி. குமரப்பா.

லண்டனில் படித்த கணக்காயர்

குமரப்பா 1892 ஜனவரி 4-ஆம் நாள் தஞ்சாவூரில் ஒரு கிறிஸ்துவக் குடும்பத்தில் பிறந்தார். ஜோசப் செல்லத்துரை கொர்னேலியஸ் என்பது அவருடைய இயற்பெயர். லண்டனில் கணக்காயர் படிப்பை முடித்துவிட்டு பம்பாயில் தணிக்கைத் தொழில் நடத்தினார். கோட்டும் சூட்டும் அணிந்து மேல்நாட்டுப் பாணியில் வாழ்ந்தவர் அவர்.

1927-இல் அமெரிக்கா சென்று சிராக்கியூஸ், கொலம்பியா பல்கலைக்கழகங்களில் பயின்றார். அரசின் வரியும் செலவும் இந்தியர்களின் வறுமைக்கு எப்படிக் காரணமாயின என்பதை கொலம்பியாவில் ஆராய்ந்தார். அந்த ஆய்வே அவரை மாற்றியது. நாடு திரும்பியதும் 1929 மே மாதம் சபர்மதி ஆசிரமத்தில் காந்தியைச் சந்தித்தார். அவருடைய ஆய்வை காந்தி தமது ‘யங் இந்தியா’ இதழில் தொடராக வெளியிட்டார். பின்னர் அவர் சூட்டைக் களைந்து கதர் உடுத்தினார். கொர்னேலியஸ் என்ற பெயரையும் விட்டு, குடும்பத்தின் பழைய பெயரான குமரப்பாவை ஏற்றார்.

காந்தி கொடுத்த முதல் வேலை குஜராத்தின் மாத்தார் வட்டத்தில் ஊர் ஊராகச் சென்று குடியானவர்களின் வரவு செலவைக் கணக்கெடுப்பது. பெரிய நிறுவனங்களின் ஏடுகளைச் சரிபார்த்த கை, ஏழைகளின் அடுப்பங்கரைக் கணக்கை எழுதத் தொடங்கியது அங்குதான்.

மகன்வாடியில் ஒரு பள்ளி

1934 டிசம்பரில் வார்தாவில் அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கம் தொடங்கப்பட்டது. அதன் செயலாளராகப் பொறுப்பேற்ற குமரப்பா, மகன்வாடி என்ற தோட்டத்தையே தமது இருப்பிடமாகக் கொண்டார். நெல் குத்துதல், மாவு அரைத்தல், மரச்செக்கில் எண்ணெய் ஆட்டுதல், வெல்லம் காய்ச்சுதல், தேனீ வளர்த்தல் ஆகியவை அங்கு ஆராயப்பட்டன. கிராம ஊழியர்கள் அங்கு வந்து பயிற்சி பெற்று, தங்கள் ஊர்களுக்குத் திரும்பி மற்றவர்களுக்குக் கற்றுக்கொடுத்தனர். சங்கம் ஒரு மாத இதழையும் சிறு நூல்களையும் வெளியிட்டது. 1938-இல் அங்கு அமைந்த அருங்காட்சியகத்தை காந்தியே திறந்து வைத்தார்.

அப்போது கிராமங்களில் அரிசி ஆலைகள் பெருகிவந்தன. ஆலை அரிசி பார்வைக்கு வெள்ளை வெளேரென்று இருந்தது, விலையும் மலிவு. குமரப்பா அதை ஒரு தணிக்கையாளரின் கண்ணோடு பார்த்தார். ஆலையின் கணக்கு ஏட்டில் லாபம் தெரிகிறது. ஆனால், தவிட்டோடு போன சத்து எந்தப் பக்கத்தில் எழுதப்பட்டிருக்கிறது? நெல் குத்திப் பிழைத்த கைம்பெண்கள் இழந்த கூலி எங்கே? சத்துக் குறைவால் வரும் நோயின் செலவு எங்கே? இவற்றையும் கூட்டினால் வெள்ளை அரிசி மலிவானதல்ல என்பதே அவருடைய முடிவு.

மலாயா முன்பே சொன்ன உண்மை

இந்த வாதத்திற்கு மலாயாவிலேயே ஆதாரம் இருந்தது. ஆண்டு 1900-ஐ ஒட்டிய காலத்தில் இங்கு பெரிபெரி நோய் ஆயிரக்கணக்கானோரைக் கொன்றது. கால் வீங்கி, நரம்பு தளர்ந்து, இதயம் செயலிழந்து மாண்டவர்களில் பெரும்பாலோர் ஈயச் சுரங்கங்களில் வேலை செய்த சீனத் தொழிலாளர்கள். மெருகேற்றிய சயாம் வெள்ளை அரிசியே அவர்களின் உணவு. அதே மண்ணில் உழைத்த தமிழ்த் தொழிலாளர்களிடம் அந்நோய் மிகக் குறைவாக இருப்பதை டாக்டர் பிராடன் கவனித்தார். அவர்கள் உண்டது புழுங்கல் அரிசி.

1905-இல் கோலாலம்பூர் மனநல மருத்துவமனையில் டாக்டர் வில்லியம் பிளெட்சர் இதைச் சோதித்தார். நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு வெள்ளை அரிசியும் மறு பிரிவுக்குப் புழுங்கல் அரிசியும் கொடுத்தார். வெள்ளை அரிசி உண்டவர்களில் 18 பேர் பெரிபெரியால் இறந்தனர். புழுங்கல் அரிசி உண்டவர்களில் ஒருவர்கூட இறக்கவில்லை. அரிசியை மெருகேற்றும்போது நீங்கும் பகுதியில்தான் நோயைத் தடுக்கும் பொருள் இருக்கிறது என்பதை பிரேசர், ஸ்டாண்டன் என்ற இரு மருத்துவர்கள் பின்னர் உறுதிப்படுத்தினர். நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலுள்ள பி1 சத்தில் ஒரு பகுதி அரிசியின் உள்ளே இறங்கிவிடுகிறது. புழுங்கல் அரிசி உயிர்காத்தது இதனால்தான்.

கப்பலேறி வந்த நம் முன்னோர்களுக்கு வைட்டமின் என்ற சொல் தெரியாது. ஆனால், பழக்கத்தோடு அவர்கள் கொண்டு வந்த சோறு அவர்களைக் காத்தது. அப்படிப்பட்ட பழக்கங்களின் காரணத்தைப் படிக்காத மக்களுக்கும் புரியவைத்து, அவை அழியாமல் காப்பதுதான் குமரப்பா செய்த வேலை.

கள்ளுக்குப் பதில் கருப்பட்டி

பனைமரம் மீதும் அவருக்குத் தனி அக்கறை இருந்தது. பனை தரிசு நிலத்திலும் வளரும். அதன் பதநீரிலிருந்து வெல்லம் காய்ச்சினால், கரும்பு விளையும் நல்ல நிலத்தைத் தானியத்துக்கும் காய்கறிக்கும் விடலாம். கள் இறக்குபவருக்கும் பிழைப்பு போகாது. கள்ளுக்கடையால் குடும்பங்கள் சீரழிந்ததை நேரில் கண்ட தோட்டப்புற மக்களுக்கு இந்த யோசனையின் அருமை விளக்காமலே புரியும்.

‘வெள்ளையனே வெளியேறு’ போராட்டக் காலத்தில் சிறையில் இருந்தபோது, நிலைத்திருக்கும் பொருளாதாரம் என்று பொருள்படும் தலைப்பில் தமது முக்கிய நூலை எழுதினார். 1 லட்சம் மக்கள் வாழும் வட்டாரத்துக்குத் தானியம், பருப்பு, எண்ணெய், வெல்லம், காய்கறி, பழம் எவ்வளவு தேவை, அவற்றை அங்கேயே விளைவிக்க எவ்வளவு நிலம் வேண்டும் என்று அவர் கணக்கிட்டார். முதலில் சாப்பாட்டுக்கு விளைவிக்க வேண்டும், மிஞ்சிய நிலத்தில்தான் ஆலைக்கான பயிர் என்பது அவர் வகுத்த வரிசை.

சுதந்திரத்துக்குப் பின் நாடு பெரிய ஆலைகளின் பக்கம் சாய்ந்தது. குமரப்பாவின் குரல் ஒதுங்கியது. இரத்த அழுத்த நோயும் அவரை வாட்டியது. கடைசி ஆண்டுகளை மதுரை மாவட்டம் தே. கல்லுப்பட்டி காந்தி நிகேதன் ஆசிரமத்தில் ஒரு சிறு குடிலில் கழித்தார்.

இன்றைய கேள்வி

பெரிபெரி இன்று மலேசியத் தமிழர்களின் அச்சம் அல்ல. அந்த இடத்தை நீரிழிவு பிடித்துக்கொண்டது. 2019-ஆம் ஆண்டு தேசியச் சுகாதார ஆய்வின்படி நாட்டின் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களே முதலிடத்தில் இருக்கின்றனர். லயத்து வீட்டுக் கொல்லையில் முருங்கையும் பசலையும் பறித்த குடும்பங்கள் அடுக்குமாடிக்குக் குடிபெயர்ந்துவிட்டன. மூன்று வேளையும் வெள்ளைச் சோறு, இனிப்பு தே தாரேக் என்ற பழக்கம் ஊன்றிவிட்டது.

கருப்பட்டியும் சர்க்கரைதான், நீரிழிவு உள்ளவர்கள் அதை மருந்தாக எண்ணிவிடக் கூடாது. குமரப்பா விட்டுச்சென்றது ஒரு உணவுப் பட்டியல் மட்டும் அல்ல. வாங்கும் ஒவ்வொரு பொருளுக்கும் விலைச்சீட்டில் எழுதாத செலவு ஒன்று உண்டு, அதை யார் கட்டுகிறார் என்று கேட்கும் பழக்கத்தையும் அவர் கற்றுக்கொடுத்தார். இன்று பல குடும்பங்களில் அந்தச் செலவு கிளினிக்கில் கட்டப்படுகிறது.

கல்லுப்பட்டிக் குடிலின் சுவரில் இரண்டு படங்கள் இருந்தன. ஒன்று காந்தி, மற்றொன்று ஒரு ஏழைக் குடியானவர். காந்தி தமக்கு ஆசான், அந்தக் குடியானவர் ஆசானுக்கும் ஆசான் என்று வருவோரிடம் குமரப்பா விளக்குவார். 1960 ஜனவரி 30-ஆம் நாள், காந்தியின் நினைவு நாளிலேயே, அவர் சென்னையில் காலமானார்.