செல்லுக்குள் ஒரு புல்லுருவி

நுழையும்முன்

மாமரக் கிளையில் வேர்விட்டு, அம்மரத்தின் சாற்றை உறிஞ்சி வாழும் புல்லுருவியை நாம் கண்டிருக்கிறோம். ஓர் உயிரின் மரபுப்பொருளுக்கு உள்ளேயும் இத்தகைய ஒட்டுண்ணிகள் வாழ்கின்றன என்பது இருபதாம் நூற்றாண்டு அறிவியல் கண்ட பெரும் வியப்புகளுள் ஒன்று. அவ்வியப்பின் தொடக்கப் பக்கங்களில், தமிழ்நாட்டு மண்ணில் ஆய்வு செய்த ஒரு பெண்ணின் பெயரும் பொறிக்கப்பட்டுள்ளது. அவரே தாவரவியல் அறிஞர் ஜானகி அம்மாள்.

ஆறும் கரிசலும்

பொதிகையில் பிறக்கும் தாமிரபரணி, பாபநாசத்தில் சமவெளியைத் தொட்டு, சேரன்மகாதேவி, திருநெல்வேலி வழியாக நெல்வயல்களை வளப்படுத்திப் புன்னைக்காயல் அருகே கடலோடு கலக்கிறது. அதன் மணல்திட்டுகளில் வெண்ணிறக் கதிர்களோடு நாணல் அசைந்தாடும். ஆற்றை விட்டு வடக்கே சென்றால் கோவில்பட்டியின் கரிசல் நிலத்தில், மழையை மட்டுமே நம்பிச் சோளம் விளையும். நாணல் கரும்பின் காட்டு உறவு. சோளமும் அதே புல் குடும்பத்தைச் சேர்ந்தது. நாம் அன்றாடம் கண்டும் கடந்து செல்லும் இவ்வகைப் புற்களையே ஜானகி அம்மாள் தம் வாழ்நாள் ஆய்வுப்பொருள்களுள் ஒன்றாகக் கொண்டார்.

பிறப்பும் கல்வியும்

ஜானகி அம்மாள் 1897ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 4ஆம் நாள், அன்றைய சென்னை மாகாணத்தின் தலைச்சேரியில் பிறந்தார். தந்தை கிருஷ்ணன் நீதித்துறையில் பணியாற்றியவர். தோட்டக்கலையிலும் பறவைகளைப் பற்றிய குறிப்புகள் எழுதுவதிலும் ஈடுபாடு மிக்கவர். இயற்கையை உற்றுநோக்கும் பழக்கம் மகளுக்கு இல்லத்திலேயே வாய்த்தது.

பெண்கள் பள்ளிப்படிப்பை முடிப்பதே அரிதாக இருந்த காலம் அது. ஜானகி அம்மாளோ சென்னை இராணி மேரி கல்லூரியிலும், பின்னர் மாநிலக் கல்லூரியிலும் பயின்று, 1921இல் தாவரவியலில் சிறப்புப் பட்டம் பெற்றார். சென்னை மகளிர் கிறித்தவக் கல்லூரியில் ஆசிரியராகப் பணியாற்றினார். ஆசிய நாட்டுப் பெண்களுக்கென வழங்கப்பட்ட பார்பர் உதவித்தொகை அவரை அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்திற்கு அழைத்துச் சென்றது. அங்கு முதுகலைப் பட்டமும், 1931இல் அறிவியல் முனைவர் பட்டமும் பெற்றார்.

கோவையில் கரும்பாய்வு

தாயகம் திரும்பித் திருவனந்தபுரத்தில் பேராசிரியராக இருந்த அவர், 1934இல் கோயம்புத்தூர்க் கரும்பு இனப்பெருக்க நிறுவனத்தில் மரபியலாளராகச் சேர்ந்தார். 1912இல் தொடங்கப்பெற்ற அந்நிறுவனம் அப்போதே உலகப்புகழ் பெற்றிருந்தது. இனிப்பு மிகுந்த கரும்பையும், இனிப்பற்றதாயினும் வறட்சியையும் நோயையும் தாங்கும் நாணலையும் கலந்து, பார்பர், வெங்கட்ராமன் ஆகிய அறிஞர்கள் கோ 205 என்னும் கலப்பினத்தை அங்கு உருவாக்கியிருந்தனர்.

அக்கலப்பு செல்லுக்குள் எவ்வாறு நிகழ்கிறது என்பதை அறிய, குரோமோசோம்களை எண்ணுதல் வேண்டும். வளரும் வேர்நுனியையோ இளம் பூமொட்டையோ உரிய நேரத்தில் பறித்து, பதப்படுத்தி, சாயமேற்றி, நுண்ணோக்கியின் கீழ் மணிக்கணக்கில் நோக்க வேண்டும். கரும்பில் 80 குரோமோசோம்கள். நாணலிலோ இடத்திற்கு இடம் 40 முதல் 128 வரை வேறுபடும். இந்த எண்ணும் பணியில் அவருக்கு இணையானோர் சிலரே. கரும்பை மக்காச்சோளத்தோடும் பிற புல்லினங்களோடும் கலந்து அவர் மேற்கொண்ட ஆய்வுகள் உலக அறிஞர்களின் கவனத்தை ஈர்த்தன.

ஆயினும் அவர் பாதை மலர்ப்பாதையாக இல்லை. ஆண்களே நிறைந்திருந்த ஆய்வுலகில் தனித்து நின்ற பெண் என்பதாலும், பிறப்பின் அடிப்படையில் மனிதரை அளந்த சமூக வழக்கத்தாலும் அவர் இடர்ப்பட்டார். அவ்விடர்களுக்கு அவர் தந்த விடை, மேலும் நுட்பமான ஆய்வு என்பதே.

சோளம் மறைத்து வைத்த உண்மை

சோளத்தின் காட்டு உறவினம் ஒன்றை ஆராய்ந்தபோது அவர் ஒரு புதிரை எதிர்கொண்டார். அத்தாவரத்தின் செல்லில் இருக்க வேண்டியவை 10 குரோமோசோம்கள். ஆனால், சில செடிகளின் மகரந்தத்தை உருவாக்கும் செல்களில் அவற்றுக்கு மேலும் சில கூடுதல் குரோமோசோம்கள் தென்பட்டன. அதே செடியின் வேரிலோ அவற்றைக் காணவில்லை. ஒரே விதையிலிருந்து முளைத்த செடியில் பூவுக்கு ஒரு கணக்கும் வேருக்கு ஒரு கணக்கும் எவ்வாறு அமையும்?

எண்ணியதில் பிழை நேர்ந்ததோ என்று ஐயுறுவதே எளிது. கரும்பு விளைச்சலுக்குப் பயன்படாத செய்தி என்று ஒதுக்குவதும் எளிது. அவர் இரண்டையும் செய்யவில்லை. 1939இல் இக்கூடுதல் குரோமோசோம்களைப் பற்றிக் கரண்ட் சயின்ஸ் இதழிலும், 1940இல் அவை செடியின் உடற்பகுதியில் குறைந்து மறைவதைப் பற்றி நேச்சர் இதழிலும் எழுதினார்.

இவ்வகைக் குரோமோசோம்கள் பி குரோமோசோம்கள் எனப்படுகின்றன. இவை இல்லாமலும் செடி நன்கு வாழும். எனவே, செடியின் தேவைக்காக இவை நிலைத்திருக்கின்றன என்று கூற இயலாது. 1945இல் சுவீடன் நாட்டு அறிஞர் ஆஸ்டர்கிரன், இத்தகைய கூடுதல் குரோமோசோம்கள் ஒட்டுண்ணிகளைப் போன்றவை என்று விளக்கினார். அவ்விளக்கத்தின் ஒளியில் சோளத்தின் புதிரும் தெளிவாகிறது. அடுத்த தலைமுறைக்குச் செல்லும் வழி பூவில்தான் இருக்கிறது. வேரும் இலையும் செடியோடு மடிபவை. மடியும் உறுப்புகளில் மறைந்து, விதைக்கு வழிகாட்டும் உறுப்பில் மட்டும் தங்கும் குரோமோசோம், விருந்தோம்பும் செடிக்குப் பெருஞ்சுமை ஆகாமலே தன் வழித்தோன்றல்களைப் பெருக்கிக்கொள்கிறது.

தெரியுமா?

மரபணுத்தொகுதியில் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்குப் பெயரும் கூறுகளைத் தாவும் மரபணுக்கள் என்பர். அமெரிக்க அறிஞர் பார்பரா மெக்ளின்டாக் மக்காச்சோள மணிகளின் நிறப்புள்ளிகளை ஆராய்ந்து இவற்றைக் கண்டறிந்தார். நெடுங்காலம் உரிய ஏற்பைப் பெறாத அக்கண்டுபிடிப்புக்காக 1983இல் அவருக்கு நோபல் பரிசு வழங்கப்பட்டது. பி குரோமோசோம்களிலும் இக்கூறுகள் மிகுந்து காணப்படுகின்றன. ஒட்டுண்ணிகளின் உடலும் இவற்றுக்கு இடமளிக்கிறது. சிஸ்டோசோமா என்னும் தட்டைப்புழு மனிதக் குருதியில் வாழ்வது. அதன் மரபணுத்தொகுதியில் ஏறத்தாழப் பாதி, மீண்டும் மீண்டும் வரும் பகுதிகளே. அவற்றுள் பல, தாவும் மரபணுக்களின் வழிவந்தவை. ஒட்டுண்ணிக்குள்ளும் ஒட்டுண்ணி!

போர்க்கால இலண்டன்

1939இல் எடின்பரோவில் நடந்த பன்னாட்டு மரபியல் மாநாட்டிற்குச் சென்றிருந்தபோது இரண்டாம் உலகப்போர் மூண்டது. ஜானகி அம்மாள் இங்கிலாந்திலேயே தங்கி, இலண்டனை அடுத்த ஜான் இன்னஸ் ஆய்வு நிறுவனத்தில் பணியாற்றினார். குண்டுவீச்சு நிகழ்ந்த இரவுகளுக்குப் பின், காலையில் உடைந்த கண்ணாடிச் சில்லுகளை அகற்றிவிட்டு அவர் ஆய்வைத் தொடர்ந்ததாகக் கூறுவர். அறிஞர் டார்லிங்டனுடன் இணைந்து, பயிர்த்தாவரங்களின் குரோமோசோம் எண்ணிக்கையைத் தொகுத்த பெருநூலை 1945இல் வெளியிட்டார். பின்னர் விஸ்லியில் உள்ள அரசத் தோட்டக்கலைக் கழகத்தில் பணிபுரிந்தார். அங்கு அவர் ஆராய்ந்த மக்னோலியா மரவகை ஒன்று இன்றும் அவர் பெயரைத் தாங்கி மலர்கிறது.

தாயகப் பணி

இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தைச் சீரமைக்குமாறு தலைமையமைச்சர் நேரு விடுத்த அழைப்பை ஏற்று, 1950களின் தொடக்கத்தில் அவர் நாடு திரும்பினார். 1977இல் பத்மஸ்ரீ விருது அவரை நாடி வந்தது. முதுமையில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் மதுரவாயல் ஆய்வுக்களத்தில் மருந்துத் தாவரங்களை வளர்த்து ஆராய்ந்தார். எளிய உடையும் எளிய வாழ்வுமே அவர் விரும்பியவை. மேற்குத்தொடர்ச்சி மலையின் அமைதிப் பள்ளத்தாக்கு நீர்மின் திட்டத்தால் மூழ்க இருந்தபோது, எண்பது வயதைக் கடந்தும் அக்காட்டைக் காக்கக் குரல் கொடுத்தார். 1984ஆம் ஆண்டு பிப்ரவரி 7ஆம் நாள் இயற்கை எய்தினார். அவ்வாண்டின் இறுதியில் அப்பள்ளத்தாக்கு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. வகைப்பாட்டியல் அறிஞர்களுக்கு இந்திய அரசு வழங்கும் விருது இன்று அவர் பெயரால் வழங்குகிறது.

பயன் தராதது என்று எண்ணத்தக்க ஒரு சிறு குரோமோசோமை எண்ணி முடிக்கும்வரை ஜானகி அம்மாள் கண்களை நுண்ணோக்கியிலிருந்து எடுக்கவில்லை. எதிர்பார்த்த எண்ணோடு கண்ட எண் பொருந்தாதபோது, கண்டதை மறைக்காமல் எழுதி வைத்த நேர்மையே அவர் நமக்கு விட்டுச்சென்ற செல்வம்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊர் ஆற்றங்கரை, குளக்கரை, வயல்வரப்பு ஆகியவற்றில் வளரும் புல்வகைகளின் வட்டாரப் பெயர்களைத் திரட்டிப் பட்டியலிடுக.

2. புல்லுருவிக்கும் பி குரோமோசோமுக்கும் உள்ள ஒற்றுமை வேற்றுமைகளை வகுப்பறையில் கலந்துரையாடுக.