சிரிக்காத முகத்தோடு சிரிக்கவைத்த பஸ்டர் கீட்டன்

மௌனப்படக் காலத்து நகைச்சுவை என்றால் எங்களில் பெரும்பாலானோருக்கு நினைவில் வருவது தொப்பியும் கைத்தடியுமாக நடக்கும் சார்ளி சப்ளின்தான். பாடசாலைக் கலைவிழாக்களில் மீசை வரைந்துகொண்டு யாராவது ஒரு மாணவன் அவரைப்போல நடந்து காட்டியிருப்பான். அதே காலத்தில், அதே ஹொலிவூட்டில் படம் எடுத்த பஸ்டர் கீட்டனை நாங்கள் அந்தளவுக்கு அறிந்துகொள்ளவில்லை. ஊடகக் கற்கையில் பட்டப்படிப்பு படித்த காலத்தில்தான் நானும் அவருடைய படமொன்றை முதன்முதலாக முழுமையாகப் பார்த்தேன். அதன்பிறகு சப்ளினைவிட இவருடைய படங்களையே அதிகம் திரும்பத் திரும்பப் பார்த்துவருகிறேன். சப்ளினின் கண்கள் எங்களிடம் இரக்கத்தை எதிர்பார்க்கும். கீட்டன் எதையும் கேட்பதில்லை. தலைக்கு மேலே வீடே இடிந்து விழுந்தாலும் அதே முகம்தான். விழுவார், எழுவார், அடுத்து என்ன செய்யலாம் என்று யோசிப்பார்.

ஜோசப் ஃபிராங்க் கீட்டன் 1895 ஒக்டோபர் 4 அன்று அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில் பிக்குவா என்ற சிற்றூரில் பிறந்தார். தந்தை ஜோவும் தாய் மைராவும் ஊர் ஊராகப் போய் மேடை நிகழ்ச்சி நடத்திப் பிழைத்தவர்கள். படிக்கட்டில் உருண்டு விழுந்த குழந்தை காயமில்லாமல் எழுந்ததால் பஸ்டர் என்ற பட்டப்பெயர் வந்தது என்பது அந்தக் குடும்பம் சொல்லிவந்த கதை. ஐந்து வயதளவிலேயே பிள்ளையும் மேடை ஏறிவிட்டது. 'மூன்று கீட்டன்கள்' என்ற அந்த நிகழ்ச்சியில் தகப்பன் மகனைத் தூக்கி எறிவார். பின்னாலிருக்கும் திரைச்சீலை மீது எறிவார், வாத்தியக்காரர்கள் இருக்கும் பள்ளத்துக்குள்ளும் எறிவார். பிடித்து எறிய வசதியாகச் சட்டையின் முதுகில் பயணப்பெட்டியின் கைபிடி ஒன்றைத் தைத்து வைத்திருந்தார்கள். நியூயோர்க்கில் சிறுவர் பாதுகாப்புச் சங்கத்தினர் இதைத் தடுக்கப் பலமுறை முயன்றார்கள். இன்று இதை வாசிக்கும்போது நான் அந்தச் சங்கத்தின் பக்கம்தான். ஆனால் கீட்டன் கடைசிவரை தந்தையைக் குறைசொன்னது குறைவு. விழும் கலையைக் கற்றுக்கொண்ட இடமாகவே அந்த மேடையை நினைவுகூர்ந்தார்.

அவரது முகமும் அங்கேதான் உருவானது. விழுந்து எழும்போது தான் சிரித்தால் சபை சிரிப்பதில்லை, முகத்தை அசைக்காமல் நின்றால் கூரை அதிரச் சிரிக்கிறது என்பதைச் சிறுவன் கவனித்தான். பிறகு அது அவருடைய இயல்பாகவே மாறிவிட்டது.

தந்தையின் குடி முற்றி, எறிதல் உண்மையிலேயே ஆபத்தானதாகிவிட்டதால் 1917 இல் அந்தக் குழு கலைந்தது. அதே ஆண்டு நியூயோர்க்கில் ரொஸ்கோ ஆர்பக்கிள் என்ற நகைச்சுவை நடிகரின் படப்பிடிப்புத் தளத்துக்குப் போன கீட்டனுக்கு நடிப்பதைவிடக் கமராமீதுதான் ஆசை வந்தது. அது எப்படி இயங்குகிறது என்று அறியும்வரை அவர் ஓயவில்லை. 1918 இல் படையில் சேர்க்கப்பட்டு பிரான்சுக்கு அனுப்பப்பட்டார். அங்கே காதில் ஏற்பட்ட தொற்று அவரது செவிப்புலனை நிரந்தரமாகப் பாதித்தது. மௌனப்படங்களின் பெரும் கலைஞர் ஒருவர் காது சரியாகக் கேளாத முன்னாள் படைவீரர் என்பது பலருக்குத் தெரியாது.

1920 இல் தனது சொந்தத் தயாரிப்பாக முதலில் வெளியிட்ட படம் 'ஒன் வீக்'. புதுமணத் தம்பதிக்குத் திருமணப் பரிசாகப் பொருத்திக் கட்டும் வீடு ஒன்று பெட்டிகளில் வருகிறது. பொறாமை பிடித்த ஒருவன் பெட்டி இலக்கங்களை மாற்றி எழுதிவிடுகிறான். கட்டி முடித்த வீடு கோணலாக நிற்கிறது. மாடிக் கதவைத் திறந்தால் வெறும் ஆகாயம். புயல் அடிக்க வீடு பம்பரமாகச் சுழல்கிறது. கட்டியது வேறொருவர் காணியில் என்று பிறகு தெரியவர, வீட்டை இழுத்துக்கொண்டு போகிறார்கள். அது தண்டவாளத்தில் சிக்கிக்கொள்கிறது. வருகிற புகையிரதம் பக்கத்துத் தண்டவாளத்தால் போய்விட, இருவரும் மூச்சுவிடுகிறார்கள். அப்போது எதிர்ப்பக்கமிருந்து இன்னொன்று வந்து வீட்டைத் தூள்தூளாக்குகிறது. கீட்டன் விற்பனைக்கு என்ற பலகையை அந்தக் குவியலில் வைத்து, கட்டும் முறை எழுதிய தாளையும் அதோடு இணைத்துவிட்டு, மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்துபோகிறார்.

இந்தப் படத்தை ஒருமுறை அம்மாவுக்குக் காட்டினேன். மூன்று தடவை வீட்டை விட்டு ஓடி, மூன்றாவது தடவை திரும்பியபோது அத்திவாரத்தை மட்டும் கண்டவர் அவர். புகையிரதம் மோதியபோது அவர் சிரிப்பாரா என்று எனக்குச் சந்தேகமாக இருந்தது. அம்மா சிரித்தார், அதுவும் நன்றாகவே சிரித்தார். அந்தத் தாளை வைத்துவிட்டுப் போனதுதான் நல்ல வேலை என்றார். திட்டத்தில் கிடைத்த வீட்டுக்காக அவர் எத்தனை படிவங்கள் நிரப்பினார் என்று எனக்குத் தெரியும்.

1923 முதல் 1928 வரை கீட்டன் பத்து முழுநீளப் படங்களை எடுத்தார். அநேகமான காட்சிகளுக்குப் பதில் நடிகர் கிடையாது. ஆபத்தான இடங்களில் கமரா தூரத்தில் நின்று, வெட்டாமல், நடப்பதை முழுமையாகக் காட்டும். பார்வையாளரை ஏமாற்றவில்லை என்று தெரியவேண்டும் என்பதே அவருடைய விதி. 'ஷெர்லொக் ஜூனியர்' (1924) படத்தில் படம் ஓட்டும் தொழிலாளி ஒருவன் தூங்கிப்போய், கனவில் திரைக்குள் நடந்துபோவான். அதே படத்தில் புகையிரதத் தண்ணீர்த் தொட்டியிலிருந்து பாய்ந்த நீர் கீட்டனைத் தண்டவாளத்தில் வீழ்த்தியது. கடும் தலைவலியோடு வேலையைத் தொடர்ந்தார். கழுத்தெலும்பு முறிந்திருந்தது என்பது பல ஆண்டுகளுக்குப் பிறகு எடுத்த எக்ஸ்ரேயில்தான் தெரியவந்தது. 'த நெவிகேற்றர்' படத்துக்கு அவர் வாடகைக்கு எடுத்தது பியூஃபோர்ட் என்ற பழைய கப்பல். 1919 டிசம்பரில் அமெரிக்கா 249 பேரை அரசியல் காரணங்களுக்காக ரஷ்யாவுக்கு நாடுகடத்தியது அதே கப்பலில்தான். படத்தில் அந்த வெறுங்கப்பல் நடுக்கடலில் மிதக்கும்போது எனக்கு அவர்களும் நினைவில் வருவதுண்டு.

ஆனால் கீட்டன் என்றால் எனக்கு முதலில் 'த ஜெனரல்' (1926). அமெரிக்க உள்நாட்டுப் போரில் 1862 ஏப்ரலில் உண்மையாக நடந்த சம்பவத்தை வைத்து எடுக்கப்பட்டது. வட தரப்பின் இரகசியக் குழுவொன்று தென் தரப்பின் புகையிரத இயந்திரத்தைக் கடத்திக்கொண்டு ஓட, தென் தரப்பினர் துரத்திப் பிடித்த கதை. கீட்டன் அதில் புகையிரதச் சாரதி. படையில் சேரப் போகிறார், எடுக்க மறுக்கிறார்கள். சாரதியாக இருப்பதே போருக்கு அதிகம் உதவும் என்பதுதான் காரணம். ஆனால் அதை அவரிடம் யாரும் சொல்வதில்லை. காதலி அவரைக் கோழை என்று ஒதுக்குகிறாள்.

இயந்திரத்தைத் துரத்திப்போகும் வழியில் ஒரு காட்சி. ஓடும் புகையிரதத்தில் நின்று கீட்டன் குனிந்தபடி விறகு கொத்துகிறார். அவருக்குப் பின்னால் தென் தரப்பின் படை முழுவதும் பின்வாங்கி ஓடுகிறது. பிறகு வட தரப்பின் படை முன்னேறி வருகிறது. அவர் நிமிர்ந்து பார்ப்பதில்லை. கோடரிப் பிடி உடைந்ததுதான் அவருக்குப் பெரிய பிரச்சினை. நிமிரும்போது எதிரியின் பிரதேசத்துக்குள் தனியாக நிற்கிறார். அடுப்புக்கு விறகு தேடும் நேரத்தில் முன்னரங்கு தங்களைக் கடந்துபோனதைக் கண்டவர்களுக்கு இந்தக் காட்சி விளக்கம் தேவையில்லாமலே விளங்கும். போர்ப்படங்கள் பலவற்றைப் பார்த்திருக்கிறேன். சாதாரண மனிதருக்குப் போர் எப்படி வந்து சேர்கிறது என்பதை இவ்வளவு சுருக்கமாகக் காட்டிய வேறொன்றை நான் காணவில்லை.

படப்பிடிப்பு ஒரிகன் மாநிலத்தின் கொட்டேஜ் குரோவ் பகுதியில் நடந்தது. மாநிலத் தேசியக் காவற்படையினர் சுமார் 500 பேர் படைவீரர்களாக நடித்தார்கள். ஒரே ஆட்கள் ஒரு சீருடையில் இந்தப் பக்கம் ஓடி, மற்றச் சீருடையில் அந்தப் பக்கம் ஓடினார்கள். 1926 ஜூலை 23 அன்று எரியும் பாலத்தோடு ஒரு புகையிரத இயந்திரம் ஆற்றுக்குள் விழும் காட்சி எடுக்கப்பட்டது. அந்த ஒரு காட்சிக்கு மட்டும் 42,000 டொலர் செலவானதாகக் கணக்கிடப்பட்டது. விழுந்த இயந்திரம் ஆற்றிலேயே கிடந்தது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில்தான் இரும்புக்காக எடுத்துச்சென்றார்கள்.

இந்தப் படத்தோடு எனக்கொரு முரண்பாடும் உண்டு. உண்மைச் சம்பவத்தில் பிடிபட்ட வட தரப்பினரில் எட்டுப் பேர் தூக்கிலிடப்பட்டார்கள். கீட்டன் கதையைத் தென் தரப்பிலிருந்து சொன்னார். தோற்றவர்களைக் கெட்டவர்களாகக் காட்டினால் சனம் ஏற்காது என்பது அவருடைய கணக்கு. தோற்ற தரப்பின் கதை சொல்லப்படவேண்டும் என்று நினைப்பவர்களில் நானும் ஒருவர். ஆனால் தென் மாநிலங்கள் பிரிந்துபோய்ப் போரிட்டது அடிமைமுறையைக் காப்பாற்றுவதற்காக. அந்த அடிமைத்தளையில் கிடந்த இலட்சக்கணக்கான கறுப்பின மக்களுக்கு இந்தப் படத்தில் இடமில்லை. தோற்றது என்பதற்காக மட்டும் ஒரு தரப்பு நியாயமானதாகிவிடாது. படத்தை எத்தனை தரம் இரசித்தாலும் இந்த உறுத்தல் எனக்குப் போகவில்லை. போகவேண்டும் என்றும் நினைக்கவில்லை.

வெளிவந்த காலத்தில் 'த ஜெனரல்' தோல்வி. விமர்சகர்களும் கைவிட்டார்கள். 1928 இல் வந்த 'ஸ்டீம்போட் பில் ஜூனியர்' படத்தில்தான் அந்தப் பிரபலமான காட்சி இருக்கிறது: புயலில் ஒரு வீட்டின் முன்சுவர் முழுமையாகப் பெயர்ந்து அவர்மீது விழும், திறந்திருந்த மாடி யன்னல் அவரைச் சுற்றி இறங்க, அவர் நின்ற இடத்திலேயே நிற்பார். சுவரின் எடை சுமார் இரண்டு தொன். இரு பக்கமும் இருந்த இடைவெளி சில அங்குலங்கள்தான். படப்பிடிப்புக் குழுவில் சிலர் பார்க்கமுடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். பல ஆண்டுகளுக்குப் பிறகு ஜாக்கி சான் இதே காட்சியைத் தன் படத்தில் செய்துகாட்டி மரியாதை செலுத்தினார்.

அதே ஆண்டு கீட்டன் தன் தனி நிறுவனத்தைக் கைவிட்டு எம்.ஜி.எம். நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்தார். வேண்டாம் என்று சப்ளினும் சொல்லிப் பார்த்தார். பேசும் படம் வந்ததால் கீட்டன் வீழ்ந்தார் என்று பலர் எழுதுவார்கள். அது சரியான கதையல்ல. மேடையில் வளர்ந்தவருக்குப் பேசத் தெரியாதா? எம்.ஜி.எம். இல் அவர் பேசி நடித்த படங்கள் பணமும் சம்பாதித்தன. அவர் இழந்தது தன் வேலைமீதிருந்த அதிகாரத்தை. படப்பிடிப்புத் தளத்தில் யோசித்து யோசித்துக் காட்சியை உருவாக்கியவரிடம் எழுதிமுடித்த கதையை நீட்டி, இதன்படி நடி என்றார்கள். ஆபத்தான காட்சிகளைச் செய்யவும் தடை. குடி கூடியது. 1932 இல் மணமுறிவு. இரண்டு மகன்மாரின் குடும்பப்பெயர்கூடத் தாயின் பெயருக்கு மாற்றப்பட்டது. 1933 இல் நிறுவனம் அவரை வெளியேற்றியது. சில ஆண்டுகளில் அதே நிறுவனத்துக்கே திரும்பிவந்து, மற்றவர்களின் படங்களுக்கு நகைச்சுவை யோசனை எழுதிக்கொடுக்கும் சிறிய சம்பளக்காரராக வேலைபார்த்தார்.

1940 இல் எலினர் நொரிஸ் என்ற நடனக்கலைஞரை மணந்தார். அவரைவிட 23 வயது இளையவர். இது நிலைக்காது என்று பலர் நினைத்தார்கள். கீட்டன் சாகும்வரை எலினர் கூடவே இருந்தார்; வாழ்க்கை ஒழுங்குக்கு வந்ததும் அவரால்தான்.

1949 இல் ஜேம்ஸ் ஏஜி என்ற விமர்சகர் 'லைஃப்' சஞ்சிகையில் மௌன நகைச்சுவைப் படங்களைப்பற்றி எழுதிய நீண்ட கட்டுரை கீட்டனை மறுபடி பேசவைத்தது. 1952 இல் சப்ளினின் 'லைம்லைற்' படத்தில் இருவரும் முதன்முறையாக ஒன்றாகத் திரையில் தோன்றினார்கள். அவர் முன்பு வாழ்ந்த மாளிகையைப் பின்னர் வாங்கியவர் நடிகர் ஜேம்ஸ் மேசன். அங்கே பூட்டிக்கிடந்த அறையொன்றில் அழிந்துபோனதாக நினைத்த படச்சுருள்கள் அவருக்குக் கிடைத்தன. அந்தக்காலச் சுருள்கள் இலகுவில் தீப்பற்றும், தூளாகவும் உதிரும். அமெரிக்க மௌனப் படங்களில் பெரும்பகுதி அப்படித்தான் அழிந்தது. கீட்டனின் படங்கள் தப்பியது ஒரு சிலரின் பிடிவாதத்தால்.

1960 இல் கௌரவ ஒஸ்கார் கிடைத்தது. 1964 இல் சாமுவேல் பெக்கெற் எழுதிய 'ஃபில்ம்' என்ற குறும்படத்தில் நடித்தார். உலகம் முழுக்கத் தெரிந்த அந்த முகம் அதில் கடைசிவரை மறைக்கப்பட்டிருக்கும். 1965 இல் வெனிஸ் திரைப்பட விழாவில் சனம் எழுந்துநின்று கைதட்டியது. சில மாதங்களில், 1966 பெப்ரவரி 1 அன்று, நுரையீரல் புற்றுநோயால் தனது 70 ஆவது வயதில் காலமானார். அமெரிக்கா பாதுகாக்கவேண்டிய படங்களின் பட்டியலை 1989 இல் முதன்முதலாக வெளியிட்டபோது அந்த 25 படங்களில் 'த ஜெனரல்' ஒன்று.

அவருடைய மௌனப்படங்களை இன்று இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். இடையில் வரும் ஆங்கில எழுத்துகள் கொஞ்சம்தான். தெரியாவிட்டாலும் கதை விளங்கும். 'ஒன் வீக்' சுமார் 20 நிமிடம், பிள்ளைகளோடு பார்க்கிறவர்கள் அதிலிருந்து தொடங்கலாம். 'த ஜெனரல்' படத்துக்கு ஒன்றேகால் மணித்தியாலம் ஒதுக்குங்கள். விறகு கொத்தும் காட்சி வரும்போது கீட்டனைப் பார்க்காமல் அவருக்குப் பின்னால் பாருங்கள்.